குறைவுப் பட்டியல்

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை விரித்து வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இந்த வீட்டுல ஒரு ஆள் அதிகமா இருக்கு” என்று என் மாமனார் அறிவித்தார்.

பதினோரு வருடமாக வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவன் காதில் இந்த வாக்கியம் எப்படி விழும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கையில் இருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்த என் மனைவியும் ஒரு கணம் என்னைத்தான் பார்த்தாள்.

அவர் சொன்னது வைஃபையைப் பற்றி என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டு ரவுட்டரின் உள்ளே நுழைந்து, எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று பார்க்கும் பக்கத்தை அவர் வாராவாரம் அச்சடித்து ஃபைல் செய்வார். இந்த வாரத் தாளில், பதிவேட்டில் இல்லாத ஒரு கருவி இருந்தது. பெயர் இல்லை. இரண்டிரண்டாகப் பிரித்த எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள அடையாளம் மட்டும் இருந்தது. அதன் கீழே மாமா சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

மாமா ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. தெருவில் அவருக்கு ‘ஸ்டோர்ஸ் சார்’ என்று பெயர். வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் உண்டு. நாற்காலி நா-4. குளியலறை வாளி வா-2. இரண்டு வருடத்துக்கு முன் புது ரவுட்டர் வந்தபோது, வீட்டில் வயர் இல்லாமல் இயங்கும் எல்லாவற்றையும் வரிசையில் வைத்து, அடையாள எண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, வ-1 முதல் வ-11 வரை தன் கையெழுத்தில் சிறு லேபிள் எழுதி ஒட்டினார். வ-1 அவருடைய போன். வ-2 ஹாலில் இருக்கும், சொன்னால் எரியும், பல சமயம் சொல்லாமலும் எரியும் விளக்கு. வ-11 எடை பார்க்கும் மெஷின். அந்த வீட்டில் எண் ஒட்டாத பொருள் நான் ஒருவன்தான் என்று என் மனைவி சொல்வாள். அப்பா மறந்துவிட்டாரா, தேவையில்லை என்று விட்டுவிட்டாரா என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம்.

வ-9 என்பது என் ஆபீஸ் லேப்டாப்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். ஏனென்றால் வ-9 அந்த வீட்டில் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, என் கம்பெனியின் மனிதவளப் பெண்மணி வீடியோ அழைப்பில் ஒன்பது நிமிடம் பேசினார். முதல் ஏழு நிமிடம் என் பயணத்துக்கு நன்றி சொன்னார். எட்டாவது நிமிடத்தில்தான் பயணம் முடிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. மதியமே கூரியர்காரர் வந்து லேப்டாப்பை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப்போனார், மாமாவின் லேபிளோடு சேர்த்து. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்தாள். மாமாவும் அத்தையும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாயங்காலம் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும், ‘நேற்றே ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் அன்றும் சொல்ல முடியாமல் போனது. 

என் பதவியின் பெயர் வாடிக்கையாளர் அனுபவ மேம்பாட்டுத் தலைவர். அப்படியென்றால் என்ன வேலை என்று அத்தை ஒரு தடவை கேட்டார். நான் இருபது நிமிடம் விளக்கினேன். “ஏதோ நல்லபடியா இருந்தா சரி மாப்ள” என்றார். அந்தத் தலைவர்தான் இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே அரைக்கால் டவுசருமாக, பத்தடிக்கு ஒன்பதடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மேஜை மேல் என் மனைவியின் பழைய லேப்டாப். பரண்மேல் கிடந்தது, இரண்டு வருடமாக உயிர் இல்லை. அதைத் திறந்து வைத்து, தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கறுப்புத் திரையில் தெரியும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவேன்.

பேசித்தான் ஆக வேண்டும். மேல்மட்ட ஆள் அரை மணி நேரத்துக்கு மேல் மௌனமாக இருந்தால் வெளியே சந்தேகம் வரும். முதல் வாரம் “சரி… சரி… புரியுது” என்று ஓட்டினேன். இரண்டாம் வாரம் என் கீழே ஆட்கள் சேர்ந்தார்கள். மூன்றாம் வாரம் ஒருவனைக் கடுமையாகத் திட்டினேன். அன்று மதியம் அத்தை, “பாவம், யாரோ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான் போல” என்று எனக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினார். அடுத்த நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இல்லாதவனாக இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

அறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு வெளியே மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர், சுவரில் ஒரு கழிவுநீர்க் குழாய். குழாயில் நான்காவது வளையம் துருப்பிடித்திருக்கிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கழிப்பறைக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டும், ஹாலில் மாமா. ஆகவே ‘மீட்டிங்’ முடிகிற நேரம் பார்த்துத்தான் போக முடியும், அந்த மீட்டிங்கை முடிக்கும் அதிகாரம் என்னிடம் இருந்தாலும். போனில் வேலைக்கு விண்ணப்பித்தேன். இரண்டு இடத்தில் நேரில் வரச் சொன்னார்கள். இரண்டுக்கும் போகவில்லை. வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு, வேலையில் இருக்கும் ஆள் எப்படி வெளியே போவான்? வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்ததால் வேலை தேட முடியவில்லை. 

இந்த நிலையில்தான் மாமா தன் வேட்டையைத் தொடங்கினார்.

அவருடைய முதல் சந்தேகம் எதிர்வீட்டுப் பல் டாக்டர் மேல். கீழ்த்தளத்தில் கிளினிக், எப்போதும் ஏழெட்டுப் பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். வலியை மறக்க அவர்கள் நம் வைஃபையில் படம் பார்க்கிறார்கள் என்பது மாமாவின் கோட்பாடு. புதன் மதியமே போய், காத்திருக்கிறவர்கள் பொதுவாக என்ன பார்ப்பார்கள் என்று விசாரித்தார். டாக்டர், தன் கிளினிக்கின் மேல் அக்கறை கொண்ட ஒரு பெரியவர் கிடைத்த மகிழ்ச்சியில், மீன் தொட்டியைக் காட்டினாராம்.

அன்று காலையிலிருந்தே மாமா நேரக்கணக்கும் எடுத்தார். ஹாலில் இருக்கும் அவருடைய கம்ப்யூட்டர் ரவுட்டரோடு வயரில் இணைந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை பக்கத்தைப் புதுப்பித்து, ஒரு நோட்டில் குறித்தார்; தான் வெளியே போகும் நேரத்துக்கு அத்தையை உட்கார வைத்தார். வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது முடிவை எங்கள் முன் வைத்தார். ஆசாமி காலை ஆறிலிருந்து ஏழு வரை இணைப்பில் இல்லை. அது மாமா நடைப்பயிற்சி போகிற நேரம். முந்தைய நாள் மாமா டாக்டர் வீட்டுக்குப் போன நாற்பது நிமிடமும் இல்லை. மாமா வாசற்படி ஏறிய உடனே திரும்ப வந்துவிட்டான்.

“நான் இல்லாதப்ப எடுத்தா அது திருட்டு” என்றார் மாமா. “நான் வீட்டுல இருக்கும்போதே எடுக்கறான் பாரு. இது சவால்.”

அவன் நம்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே இருக்கிறான் போல என்றார் அத்தை. மாமா அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று பத்து மணிக்கு மாமா அவனை முடக்கினார். கதவுக்கு இந்தப்பக்கம் ஹெட்செட்டுடன் நான் ‘காலாண்டு இலக்கு’ பேசிக்கொண்டிருந்தேன். மாமாவின் விரல் பொத்தானைத் தட்டிய சத்தம் கேட்டது. அரை நிமிடத்தில், தன் போனில் வைஃபை போய்விட்டது என்று அவர் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். திருப்பி அடித்துவிட்டான், நேரடியாகத் தலைமையைத் தாக்கியிருக்கிறான் என்றார். எதற்கு வம்பு, விட்டுவிடுங்கள், நமக்குத் தெரிந்து ஒருவன்தானே என்று அத்தை சமாதானம் சொல்லி, பன்னிரண்டு மணிக்கு முடக்கத்தை நீக்க வைத்தார். நீக்கியதும் மாமாவின் போன் உயிர் பெற்றது. “பணிஞ்சுட்டான்” என்று மாமா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

காலாண்டு இலக்கை அப்படியே நிறுத்திவிட்டு நான் யோசித்தேன். மாமா வந்தால் வருகிறான், போனால் போகிறான், அவனை முடக்கினால் மாமா முடங்குகிறார். இதற்குமேல் ஓர் ஆளை அடையாளம் காட்ட முடியாது. திங்கட்கிழமை இரவு மாமாவின் போன் ஏதோ அப்டேட் என்று கேட்டது நினைவுக்கு வந்தது; அத்தனைக்கும் ‘சரி’ என்று தட்டியதாக அவரே பெருமையாகச் சொன்னார். சில போன்கள் அப்படி அப்டேட் ஆனதும் தங்கள் நிஜ அடையாள எண்ணை மறைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றைக் காட்டத் தொடங்கிவிடும். மாமா இரண்டு நாளாகத் துரத்துவது தன் சட்டைப் பையில் இருக்கும் போனை.

உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். மீட்டிங்கில் இருந்தேனே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா அடுத்த நடவடிக்கையை அறிவித்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு முழுச் சரிபார்ப்பு. ஸ்டோர்ஸில் வருடத்துக்கு ஒரு தடவை செய்வதுதான்: பதிவேட்டைத் திறந்து ஒவ்வோர் எண்ணாகப் படிக்க வேண்டும், பொறுப்பாளர் அந்தப் பொருளைக் கொண்டுவந்து கண்ணெதிரே வைக்க வேண்டும், லேபிளைப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். வாயால் ‘இருக்கிறது’ என்று சொன்னால் செல்லாது. “அலமாரியில இருக்குன்னு சொன்ன சரக்குதான் எப்பவும் அலமாரியில இருக்காது” என்று விளக்கினார். நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் காய்ந்தது.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. இல்லாத வேலைக்கும் வார விடுமுறை உண்டு என்பதுதான் இந்த ஏற்பாட்டின் ஒரே சலுகை. அன்று நான் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, அறைக்குள் உட்கார்ந்து, பிரிண்டரின் அடியில் மாமா ஒட்டியிருந்த லேபிளை மாதிரியாக வைத்துக்கொண்டு, வ-9 என்று ஒரு லேபிள் எழுதிப் பழைய லேப்டாப்பின் முதுகில் ஒட்டினேன். நாற்பத்தேழு வயதில் கள்ளக் கையெழுத்து. ஏழு தாள் வீணானது. 

இரண்டாவது, மாமாவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து, அவருடைய போனை ஒரு நிமிடம் தர முடியுமா என்று கேட்டேன். அந்த மர்மத்தை அன்றே உடைத்துவிட்டால் ஞாயிறு சரிபார்ப்புக்கு வேலையே இல்லை. மாமா போனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். சரிபார்க்கிறவரையே சரிபார்க்க ஆரம்பித்தால் அமைப்பு நிற்காது என்றார். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னிலும், முறைப்படி என் ஆட்சேபத்தைப் பதிவு செய்யலாமாம்.

ஞாயிறு காலை பத்து. சாப்பாட்டு மேஜை துடைத்துக் காலியாக இருந்தது. ஒரு முனையில் பதிவேடும் சிவப்பு, நீலப் பேனாக்களுமாக மாமா. எங்களுக்கும் தெரியட்டும் என்று கம்ப்யூட்டர் திரையை மேஜைப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். அத்தை தன் டேப்லட்டோடு வந்து உட்கார்ந்தார். மனைவி அன்று வீட்டில்; தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள், சீக்கிரம் முடியுங்கள் என்றாள்.

மாமா வ-1 என்று படித்தார். தன் பையிலிருந்து போனை எடுத்து, தனக்குத் தானே காட்டி, டிக் அடித்துக்கொண்டார். வ-2 விளக்கு, அண்ணாந்து பார்த்து ஒரு டிக். வ-3 அத்தையின் டேப்லட். இப்படியே போனால் வ-9 வர இன்னும் எவ்வளவு நேரம் என்று நான் கணக்குப் போட்டேன். என் கள்ள லேபிளின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போதே குறுக்கிட்டு, அந்த அதிகப்படி ஆசாமி யார் என்று சொல்லிவிட்டால் பதிவேட்டை மூடிவிடுவார்கள், எழுந்து போய்விடலாம். 

அந்த இடத்தில் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. பதவி போனாலும் பதவியின் குரல் போவதில்லை. ஐந்து வாரம் கறுப்புத் திரையிடம் பேசிய அதே குரலில், கை இரண்டையும் கோத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு, நிஜ மனிதர்கள் முன்னால் பேசும் சந்தோஷத்தில் சொன்னேன்:

“மாமா, ஒரு நிமிஷம். அதிகமா இருக்கறதை மட்டும் வச்சு எப்படி முடிவுக்கு வர்றீங்க? குறைவுப் பட்டியல் பாத்தீங்களா?”

மாமா பேனாவைக் கீழே வைத்தார். முப்பத்தோரு வருட ஸ்டோர்ஸ்காரரிடம் குறைவுப் பட்டியல் பார்த்தாயா என்று கேட்பது, சமையல்காரரிடம் அடுப்பு பற்ற வைத்தாயா என்று கேட்கிற மாதிரி. அணைத்து வைத்த கருவி இணைப்பில் தெரியாது, அதனால் குறைவை எடுக்கவில்லை என்றார், கொஞ்சம் விறைப்பாக. நான் விடவில்லை. ஒவ்வொரு கருவியும் கடைசியாக எப்போது தென்பட்டது என்று காட்டும் பக்கம் அதிலேயே இருக்கும் என்று எழுந்து போய்க் காட்டினேன். அவர் தட்டினார். திறந்தது.

எல்லாம் பச்சையில் இருந்தன. இரண்டு வரி மட்டும் சிவப்பில். மேலே இருந்தது வ-1. தென்பட்டு ஐந்து நாள்.

“பாருங்க மாமா. உங்க போன் காணாமப் போன அன்னிக்கே அவன் வந்திருக்கான். அவன்தான் உங்க போன். வேற பேர்ல வந்திருக்கு, அவ்வளவுதான்.”

அத்தைக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. “அஞ்சு நாளா உங்களை நீங்களேவா ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்தீங்க?” என்றார். என் மனைவி துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மாமாவின் காது மடல் சிவந்தது. போனை எடுத்து, அது தன்னை முதுகில் குத்திவிட்ட மாதிரி பார்த்தார். 

அப்போதாவது நான் அங்கிருந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நிறுவனங்கள் செய்யும் பொதுவான தவறு என்ன, தரவை எப்படி முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டேன். நான் பேசப் பேச, அவமானப்பட்டவர் எங்காவது பார்க்க வேண்டுமே என்று மாமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு வரி இரண்டு. ஒன்றுக்குத்தான் விளக்கம் கிடைத்திருந்தது. நான் அதை உணர்வதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

“ரொம்ப நல்லா சொன்னீங்க மாப்ள. வ-9 கொண்டாங்க.”

அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னலில் கம்பி, கம்பிக்கு அப்பால் குழாய். ஆபீஸில் மாற்றிக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். மாற்றிக் கொடுத்தது எங்கே என்பார். பாதுகாப்புக்காக வேறு இணைப்பில் வேலை செய்கிறேன் என்று சொல்லலாம். அதைக் காட்டு என்பார். அவர் கேள்விகள் எல்லாமே பொருளைக் காட்டு என்பதில்தான் முடியும். பொய் சொல்லலாம், கொண்டுவந்து மேஜையில் வைக்க முடியாது. ஹாலில் பதிவேட்டின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் குப்புற வைத்தேன்.

மாமா குனிந்து லேபிளைப் பார்த்தார். விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

“இது என் ஒன்பது இல்லையே” என்றார். கோபமாகக்கூட இல்லை. ஊரில் இன்னொருவரும் தன்னைப் போலவே ஒன்பது போட முயற்சி செய்கிறாரே என்ற ஆச்சரியம்தான் அதில் இருந்தது.

என் மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். லேப்டாப்பை நிமிர்த்தினாள். திறந்தாள். பொத்தானை அமுக்கி, கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தான் ஒரு காலத்தில் கீழே போட்டு உடைத்த மூலையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது என்னோடது. இது செத்து ரெண்டு வருஷமாச்சே” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “உங்களோடது எங்க?”

நான் அந்த உடைந்த மூலையைப் பார்த்தேன்.

“எத்தனை நாளா?”

என்னிடம் கேட்ட கேள்விக்கு மாமா பதில் சொன்னார். திரையில் இருந்ததைப் படித்தார், அவ்வளவுதான். தகவல் கேட்டால் தகவல் தருகிற பழக்கம். “நாப்பத்தோரு நாள்” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

அத்தைக்கு இன்னும் ஒரு நொடி ஆயிற்று. “அப்போ உள்ள அவ்வளவு பேசினது யார்கிட்ட?” என்றார். “ஏதோ பெரிய மீட்டிங்குன்னு பகல்ல நான் மிக்சி போடலையே மாப்ள, தும்மல் வந்தாக்கூட வாசலுக்குப் போய்த் தும்மினேனே” என்று சொல்லிவிட்டு, தான் கோபப்படுகிறோமா அழுகிறோமா என்று தெரியாதவர் போல டேப்லட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். என் மனைவி லேப்டாப்பை மூடினாள். லேபிளின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

மாமா பதிவேட்டைத் தன்பக்கம் இழுத்தார். வ-9 வரிசையில், ‘குறிப்பு’ என்ற கட்டத்துக்கு மேல் நீலப் பேனா ரொம்ப நேரம் நின்றது. அவரிடம் அதற்கு வார்த்தைகள் உண்டு: பழுது, உடைந்தது, கழிக்கப்பட்டது. எதையும் எழுதவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்டோர்ஸில் ஒரு பொருள் குறைந்தால் பொறுப்பாளர் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டும், அதுதான் முறை என்றார். பெரிய ஆட்களும் கொடுத்திருக்கிறார்களாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று என் முகத்தைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார். நான் பார்த்து அவர் ஆறுதல் சொல்ல முயன்றது அன்றுதான். அதற்கும் ஒரு படிவம் தேவைப்பட்டது.

“விளக்கத்தை எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்கப்பா” என்றாள் மனைவி.

மதியம் முழுக்க எழுதினேன். நாற்பத்தோரு நாளில் அந்த மேஜையில் நடந்த முதல் நிஜ வேலை. சந்தை நிலவரத்தில் ஆரம்பித்து, நிர்வாக மாற்றம், மறுசீரமைப்பு, என் பிரிவு கலைக்கப்பட்ட பின்னணி, மனிதவளத் துறையின் அணுகுமுறையில் இருந்த குறைகள் என்று மூன்று பக்கம் வந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகவே வந்திருந்தது. உபதலைப்பெல்லாம் போட்டிருந்தேன்.

நாலு மணிக்கு அவள் வந்து படித்தாள். நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தாள். திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். பிறகு தாள்களை ஒன்றாகத் தட்டி மேஜை மேல் வைத்தாள்.

“இதுல நான் எங்க இருக்கேன்?” என்றாள்.

தேடிப் பார்த்தேன். இல்லை. வேலை போனதற்குத்தான் மூன்று பக்கம் விளக்கம் இருந்தது. அதை அவளிடம் சொல்லாததற்கு ஒரு வரி இல்லை.

“உங்க கம்பெனி ஏன் அனுப்புச்சுன்னு நான் கேக்கவே இல்லையே. அது போனாப் போகட்டும். தினமும் ஆறு மணிக்கு வந்து உங்க எதிர்லதானே உக்காந்தேன்.” குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவைச் சாத்தினாள். அதன்மேல் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “திரும்ப எழுதுங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

இப்போது அந்த அறையிலிருந்து வெளியே போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். புதுத் தாள் எடுத்தேன். மேலே தேதி போட்டேன். ‘பொருள்’ என்று எழுதி அடித்தேன். கால் மணி நேரம் பேனா அசையவில்லை. அவளும் அசையவில்லை. வெளியே அத்தை பாத்திரத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. மாமா அவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லி அதையும் நிறுத்தினார்.

எழுதினேன்: ‘அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நீ வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, இன்றைக்கு எப்படிப் போனது என்று கேட்டாய். நன்றாகப் போனது என்று சொன்னேன்.’

தாளைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன். இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் படித்தாள்.

“ம். செவ்வாய்க்கிழமை?” என்றாள்.